எண்ணெய் திரும்பிய வழி

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். தொழிற்சாலையின் மேற்பார்வையாளர், வலது கையில் கட்டுப் போட்டிருந்த, பிரஸ் இயந்திரம் ஓட்டும் பிரஸ்காரர், அவர் மனைவி, என் தம்பி, நான். வேறு யாரும் இல்லை. அங்கே இல்லாதவர்கள்தான் இப்போது அதிகம் பேசுகிறார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது எங்கள் குடும்பத் தொழில். இடத்துக்குப் போய்க் கழற்றி மாட்டுவது தம்பி. பட்டறை மேசையில் உட்கார்ந்து வால்வுகளைத் துடைத்துப் பொருத்தி இறுக்குவது நான். முப்பத்தெட்டு வருஷத்தில் எங்கள் கை பட்ட வால்வு கசிந்தது என்று ஒருவர் வந்து நின்றதில்லை.

உலோகத் தகடுகளை அழுத்தி வளைக்கும் பிரஸ்ஸின் மேல்தட்டு ஒரு யானையின் எடை இருக்கும். பம்பு தள்ளும் எண்ணெய் அதைத் தூக்குகிறது. அந்த எண்ணெய் போகும் வழியில் ஒரு செக் வால்வு. உள்ளே ஒரு துளை, துளையின் மேல் எஃகுக் குண்டு, அதன் முதுகில் சிறு ஸ்பிரிங். போகிற எண்ணெய் குண்டைத் தள்ளிக்கொண்டு போகும். திரும்பி வர முயன்றால் அதே எண்ணெய்தான் குண்டைத் துளையோடு அழுத்தி வழியை அடைக்கும். லீவரை இழுத்துக் குண்டைத் தூக்கினால் ஒழியத் தட்டு இறங்காது. அதை நம்பித்தான் மனிதன் அதன் கீழே கையை நீட்டுகிறான்.

நாங்கள் வால்வு மாட்டிக்கொடுத்த நான்காம் நாள், சிக்கிக்கொண்ட தகட்டை எடுக்கப் பிரஸ்காரர் கையை விட்டிருக்கிறார். தட்டு சத்தமில்லாமல் இறங்கியிருக்கிறது. இரண்டு விரல்கள் போய்விட்டன.

மேற்பார்வையாளர் அறிக்கையை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். பிரஸ்காரர் கவனமில்லாமல் இடது கையால் லீவரை இழுத்துவிட்டார் என்று இருந்தது. அப்படி முடிந்தால் அவருக்கு வேலையும் இல்லை, நஷ்டஈடும் இல்லை. தொடவே இல்லை என்று அவர் மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை அவருக்கே சந்தேகம் வந்தது போல் குரல் இறங்கியது. மனைவிதான் விடவில்லை.

"ஒரு கையால இன்னொரு கைய நசுக்கிக்கிட்டாராம். பொழுது போகலையா இவருக்கு?"

மேற்பார்வையாளர் அவளைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினார். "உங்க வால்வப் பத்தி எனக்குத் தெரியாதாம்மா? சும்மா ஒரு பார்வை பாத்துட்டு, நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. முடிச்சிடலாம்."

அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. மறைக்க மாட்டேன்.

பிரஸ்ஸிலிருந்து கழற்றி வந்த வால்வைத் தம்பி திறந்து என் முன்னால் வைத்தான். குண்டை எடுத்தேன். கீறல் இல்லை. ஸ்பிரிங் சரி. துளையின் விளிம்பை விரல் நுனியால் தடவினேன். ஏதோ நெருடியது. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். மயிரிழை போல ஒரு வெள்ளைத் துணுக்கு, குண்டு உட்காரும் விளிம்பில் நசுங்கி ஒட்டிக் கிடந்தது. எண்ணெய் கசியாமல் இருக்க இணைப்பின் மரையில் சுற்றும் டேப். அந்த இழை விட்ட இடுக்கு போதும், தூக்கிய எண்ணெயெல்லாம் திரும்பி ஓட.

எங்கள் பட்டறையில் டேப் சுற்றினால் நுனியில் இரண்டு மரையை வெறுமையாக விட வேண்டும். விடாவிட்டால் இறுக்கும்போது டேப் கிழிந்து உள்ளே போகும். இதற்காக எத்தனையோ வேலைக்காரர்களை வாசலோடு அனுப்பியிருக்கிறேன். போன வருஷம் தம்பி மனைவி எனக்குக் கண்ணாடி வாங்கித் தந்தாள். மரை எண்ண எனக்குக் கண் எதற்கு, விரல் போதும் என்று சொல்லி, அதை உறை பிரிக்காமல் மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன்.

என் கட்டைவிரல் தானாகப் போய் அந்தத் துளையை மூடியது.

தம்பி பார்த்துவிட்டான். குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். "மூடிடுக்கா. வீட்ல போய்ப் பேசிக்கலாம்."

அப்பா பெயர், பட்டறைப் பெயர், தம்பி பிள்ளைகளின் கல்யாணம் எல்லாம் அந்தக் கட்டைவிரலின் கீழே இருந்தன. எதிரே பிரஸ்காரர், போய்விட்ட விரல்களைக் கட்டுக்குள் அசைக்கப் பார்ப்பது போல் தோளை இழுத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி மட்டும் என் கையையே பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை.

ஊசியால் இழையை எடுத்தேன். மேசையில் கிடந்த வெள்ளை அறிக்கை மேல் வைத்தால் தெரியாது. எண்ணெய் படிந்த கறுப்புத் துணியை விரித்து அதன் மேல் வைத்தேன்.

"அவர் லீவரத் தொடலை. வால்வுதான் எண்ணெயப் பிடிச்சு நிறுத்தலை. தப்பு எங்களுது."

மேற்பார்வையாளர் பேனாவை மூடினார். பிறகு திறந்து, வேறு தாள் எடுத்து எழுதத் தொடங்கினார். தம்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். எழுதி முடித்த தாளை அந்தப் பெண் வாங்கி, வரி வரியாக விரல் வைத்து இரண்டு தடவை படித்தாள். எனக்கு நன்றி சொல்லவில்லை; சொல்ல வேண்டியதும் இல்லை. அவள் தாளை அசையாமல் பிடித்துக்கொள்ள, அவர் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார்.

தம்பி செய்த தவறை அக்கா தன் தலையில் போட்டுக்கொண்டாள், பெரிய மனசு என்று இப்போது பேசுகிறார்கள். உறவுக்காரர்களே சொல்கிறார்கள். அது பொய். அந்த டேப்பைச் சுற்றியவள் நான்.