லெய்னியின் இரட்டைச் சடை

மேரனுக்கு வயிற்றெரிச்சல். அதற்கு வேறு கௌரவமான பெயர் எதுவும் இல்லை. போன கோடை வரை ஆல்டர்பர்க் உயர்நிலைப் பள்ளியின் சாஃப்ட்பால் அணிக்குப் பந்து வீசியவள் அவள். இந்தக் கோடையில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, எட்டாம் வகுப்பை இப்போதுதான் முடித்த ஒரு பொடிப்பெண் வீசுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், பேஸ்பாலுக்குப் பதிலாகப் பெண்கள் ஆடும் சாஃப்ட்பால் கோடையில் நடக்கும். எட்டாவது முடித்த பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் வாசலை மிதிப்பதற்கு முன்பே அதன் சட்டையை மாட்டிக்கொண்டு ஆடலாம். மேரனும் ஒரு காலத்தில் அப்படி வந்தவள்தான். அப்போது அந்த வழக்கம் அவளுக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது.

பொடிப்பெண்ணின் பெயர் லெய்னி. பல்லில் கம்பி, குச்சிக் கால்கள், சிரித்தால் மூக்கு சுருங்கும். அந்தச் சுருக்கம்கூட மேரனின் கண்ணை உறுத்தியது. எல்லாவற்றையும்விட அந்தச் சத்தம். லெய்னியின் பந்து, கேட்ச்சர் மரிசோலின் கையுறைக்குள் விழும்போது படார் என்று கேட்கும். மேரனின் பந்து பொத்தென்று விழும். ஒரு காலத்தில் மேரனின் பந்தும் படார் என்றுதான் விழுந்தது. அந்தச் சத்தம் எப்படி அவளை விட்டுப் போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

கோச் ராடமேக்கர் மல்யுத்தக்காரர். சாஃப்ட்பாலுக்கு ஆள் கிடைக்காத ஒரு வருடம் பள்ளிக்கூடம் அதை அவர் தலையில் கட்டியது. இன்றுவரை அவரும் இறக்கி வைக்கவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டே பயிற்சி கொடுப்பார். அவரிடம் மூன்று பாடங்கள் இருந்தன. பலமாக வீசு, இன்னும் பலமாக வீசு, ஏன் பலமாக வீசவில்லை. ஜெயிக்கிற கை ஒன்று கிடைத்துவிட்டால் வேறு கையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஒரே மாலையில் இரண்டு ஆட்டம் வந்தால் இரண்டுக்கும் லெய்னிதான்.

யாராவது வாயைத் திறந்தால், "கீழ்க்கையால வீசறது இயற்கையான வீச்சு. இதுக்கு ஓய்வே தேவையில்ல. தோள் போறதெல்லாம் பேஸ்பால் பசங்களுக்குத்தான்" என்பார். ஊரும் தலையாட்டும். பையன்கள் எத்தனை பந்து வீசினார்கள் என்று எண்ணி எண்ணி அவர்களுக்கு ஓய்வு கொடுக்கிற அதே ஊர்தான்.

ஆகவே மேரன் விலகிவிடுவது என்று முடிவுசெய்தாள். விலகுகிறவள் தன் சட்டையைத் துவைத்து மடித்துக் கோச்சின் கையில் கொடுக்க வேண்டும். போனில் சொல்லிவிட்டு ஒளிந்துகொள்பவளை ஆல்டர்பர்க் மதிக்காது. இன்றைய ஆட்டம் முடிந்ததும் துவைத்து, நாளை காலையில் கொடுத்துவிடலாம்.

மைதானத்து ஓரத்துத் தின்பண்டக் கடையில் அம்மாவிடம் சொன்னாள். அம்மா ஜோலீன் சோளச் சிப்ஸ் பொட்டலங்களின் வாயைக் கிழித்து, அதற்குள் சூடான கொத்துக்கறியையும் சீஸையும் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னியோட சரிம்மா. நாளைக்குச் சட்டையைக் கொடுத்துடறேன்."

"நீயா போனா, அந்தக் குட்டிக்குப் பயந்து ஓடிட்டான்னுதான் பேசுவாங்க."

"பேசட்டும். பெஞ்சைத் தேய்க்கறதுக்கு எதுக்கும்மா சட்டை?"

"அந்த ஆளுக்கு ஆட்டமும் தெரியாது, ஆளையும் தெரியாது. அதை நான் இல்லேங்கல. ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. கோச் சரியில்லன்னு போறியா, அவ நல்லா வீசறான்னு போறியா?"

மேரன் ஒரு பொட்டலத்தை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு நடந்தாள்.

ஆட்டத்துக்கு முன்னால், அணி உட்காரும் டக்அவுட்டில் தலைபின்னல் நடக்கும். ஹெல்மெட்டுக்குள் அடங்குவதற்காக ஒருத்திக்கு ஒருத்தி பின்னிவிடுவார்கள். இரட்டைச் சடை போடுவதில் மேரனை மிஞ்ச ஆள் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தாலும் அந்த வேலை மட்டும் அவளிடமே இருந்தது. லெய்னி ஒருநாளும் அவளிடம் தலையைக் கொடுத்ததில்லை. கண்ணாடிகூடப் பார்க்காமல் தானே பின்னிக்கொள்வாள். அதுவும் மேரனுக்குப் பிடிக்கவில்லை.

இன்று லெய்னி அவள் முன்னால் வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கையில் இரண்டு ரப்பர் வளையங்கள்.

"எனக்கும் பின்னி விடறியா?"

"என்ன திடீர்னு? கைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. காலைல சோளத்துல பூ உருவப் போனேன். தோள் பிடிச்சுக்கிச்சு."

விதைச்சோள வயலில் தலைக்கு மேல் கையைத் தூக்கித் தூக்கிப் பூவை உருவுகிற வேலை அது. பதினான்கு வயதானால் ஊரில் எல்லாப் பிள்ளைகளும் விடியற்காலையில் பஸ் ஏறிப் போவார்கள். மேரனும் இன்று காலை போயிருந்தாள். அவளுக்கு இரண்டு தோளும் வலித்தன. லெய்னியோ இடது கையால் முடியை ஒதுக்கினாள், இடது கையால் தண்ணீர் குடித்தாள். வலது கை மடியில் கிடந்தது.

"அந்தக் கையைத் தூக்கு பாக்கலாம்."

"வேணாம்." லெய்னியின் குரல் தாழ்ந்தது. "கோச்கிட்ட சொல்லிடாத, ப்ளீஸ். இன்னிக்கு ஜெயிச்சா அடுத்த சுற்று."

மேரனுக்குள் ஏதோ குதித்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம். இவள் தாங்க மாட்டாள். இன்றோ அடுத்த ஆட்டத்திலோ உட்கார்ந்துவிடுவாள். அப்புறம் வாளிக்காரருக்கு வேறு கை ஏது? நாளைக்குச் சட்டையைக் கொடுக்க வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும், பந்து வீசுகிறவள் நிற்கும் வட்டம் தானாக அவளிடம் திரும்பி வரும். சும்மா இருப்பது ஒரு தப்பா?

"சொல்ல மாட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு, அந்த முடியை வேண்டுமளவுக்கு மேல் இறுக்கி இழுத்துப் பின்னினாள். லெய்னி ஒருமுறை ஸ்ஸ் என்றாள், அவ்வளவுதான்.

ஆட்டம் தொடங்கியது. முதல் சில இன்னிங்ஸ் வரை படார் சத்தம் இருந்தது. பிறகு அது மெலிந்துகொண்டே போனது. எதிரணிப் பெண்கள் பந்தைத் தொட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் மேரனின் நெஞ்சு குளிர்ந்தது. போடு, இன்னொன்று போடு என்று உள்ளுக்குள் எதிரணிக்குக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

"பலமா வீசு, லெய்னி! என்ன, தூங்கறியா?" ராடமேக்கர் கத்தினார்.

லெய்னி வீசினாள். வீசி முடித்ததும் விரல்களை உதறி, வலது கையைக் கால்சட்டையின் பின்பாக்கெட்டுக்குள் செருகி, தோளைக் கொஞ்சம் தூக்கி நின்றாள். அடுத்த பந்துக்குப் பிறகும் அதேபோல். அதற்கடுத்ததற்கும்.

மேரனின் கையிலிருந்த சிப்ஸ் பொட்டலம் நழுவியது.

பின்பாக்கெட்டுக்குள் கையைச் செருகினால் தோளின் இழுப்பு சற்றுக் குறையும். அதை யாரும் சொல்லித்தர முடியாது, வலிக்கிறவள் தானே கண்டுபிடிப்பது. எட்டாவது முடித்த கோடையில் மேரனும் இப்படித்தான் நின்றாள், இதே வட்டத்தில். அதே வாளி, அதே துப்பல், ஓய்வே தேவையில்லை என்கிற அதே வேதம். அந்தக் கோடை முழுவதும் எல்லா ஆட்டத்துக்கும் அவள்தான். ஊரே அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. வலிக்கிறது என்றபோது சோளவயல் வலி என்றார்கள், அவளும் நம்பினாள். மறு வருடம் பந்து பொத்தென்று விழ ஆரம்பித்தது. சில பெண்கள் சீக்கிரம் பூத்துச் சீக்கிரம் அடங்கிவிடுவார்கள் என்று ராடமேக்கர் அவள் அம்மாவிடம் சொன்னார். அன்றிலிருந்து மேரன் தன் உடம்பைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

அவள் அடங்கவில்லை. அவளைப் பிழிந்து சக்கையை எறிந்திருக்கிறார்கள். இப்போது அடுத்த கரும்பு. இத்தனை நாளும் எதைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள் என்று நினைத்தபோது அவளுக்கு வாய் கசந்தது.

எழுந்து வாளியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"கோச், அவளை எடுத்துடுங்க. அவ கை போயிடுச்சு."

ராடமேக்கர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சோளத்துல வேலை செஞ்ச வலி. எல்லாருக்கும் இருக்கு."

"இது அது இல்ல கோச். அவளால கையைத் தூக்க முடியல. நான்தான் தலை பின்னி விட்டேன்."

இப்போது திரும்பிப் பார்த்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு. "உனக்கு அந்த இடம் வேணும். சீசன் தொடங்குனதுலேர்ந்து அந்தக் குழந்தையை நீ பாக்கற பார்வையை நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன். போய் உக்காரு."

பெஞ்சில் இருந்தவர்கள் குனிந்துகொண்டார்கள். யாரோ ஒருத்தி கிளுக்கென்று சிரித்தாள். மேரனின் காது சுட்டது. அவர் சொன்னது பொய்யில்லை, அதுதான் சங்கடம். பொறாமைக்காரி சொல்லும் உண்மையை எவன் நம்புவான்?

அவள் சட்டையைத் தலைவழியாக உருவினாள். உள்ளே கறுப்பு பனியன். துவைக்காத, மடிக்காத, வியர்வை நாறும் சட்டையை வாளிக்காரரின் மடியில் போட்டாள். அப்படி யாரும் கொடுத்ததில்லை.

"நான் விலகிட்டேன். எனக்கு அந்த இடம் வேணாம். இப்ப எனக்கு இதுல ஒண்ணும் இல்ல, இல்லியா? இப்பவாவது அவ கையைப் பாருங்க."

நடுவர் என்ன விஷயம் என்று டக்அவுட் பக்கம் பார்த்தார். மரிசோல் ஆட்டத்தைச் சற்று நிறுத்தும்படி அவரிடம் கேட்டுவிட்டு முகமூடியைக் கழற்றியபடி வந்தாள். "கோச், அவ தப்பு சொல்லல. பந்து கையிலயே விழல. தலைக்கு மேல கையைத் தூக்கச் சொல்லுங்க."

வேறு வழியில்லாமல் ராடமேக்கர் வட்டத்துக்கு நடந்தார். "கையைத் தூக்கு."

லெய்னி இடது கையைத் தூக்கினாள்.

"அது இல்ல. அந்தக் கை."

வலது கை தோள்மட்டத்துக்குக்கூட வரவில்லை. லெய்னி பல்லைக் கடித்து இன்னொருமுறை முயன்றாள். பார்வையாளர் வரிசையிலிருந்து அவள் அம்மா எழுந்து நின்றாள். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, மல்யுத்தக்காரரின் கழுத்து சிவந்தது. திரும்பி வந்தவர் மடியிலிருந்து விழுந்து கிடந்த சட்டையை எடுத்து மேரனிடம் நீட்டினார்.

"சரி. நீ சொன்னது சரிதான். போட்டுக்க. நீயே வீசு."

வெள்ளைக் கோட்டு வட்டம் வெறுமையாக இருந்தது. பந்து அதன் நடுவில் கிடந்தது. இந்தக் கோடை முழுவதும் அவள் கேட்டது இதுதான், இதைத் தவிர வேறில்லை. மேரனின் கை தானாகச் சட்டையை நோக்கிப் போனது. துணி விரலில் பட்டது.

"இதுக்குத்தானே!" லெய்னி அழுதுகொண்டே கத்தினாள். "சொல்ல மாட்டேன்னியே! பொறாமை பிடிச்சவ! எனக்கு ஒண்ணும் இல்ல, நாளைக்கு வந்து வீசறேன் பாரு!"

வீசுவாள். மேரன் இந்தச் சட்டையைப் போட்டால், எல்லாம் சூழ்ச்சி என்று இவள் நம்பிவிடுவாள். நாளைக்கே வந்து வலியை மறைத்துக்கொண்டு வீசுவாள். வீச விடுகிற ஆளும் தயாராக வாளியில் உட்கார்ந்திருப்பார். மேரனுக்கு அந்தப் பெண்ணை அறையலாம் போல இருந்தது. விரலை எடுத்துக்கொண்டாள்.

"வேணாம் கோச்."

வேலிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்தாள். மைதானத்தில் மூன்றாம் தளத்தைக் காக்கும் பெண் வந்து வட்டத்தில் நின்று, சமையலறையில் வெங்காயம் தூக்கிப் போடுவதுபோல் பந்தைப் போட்டாள். எதிரணி அடித்துத் தீர்த்தது. கடைப் பலகையில் முழங்கையை ஊன்றி, மேரன் கடைசிப் பந்து வரை பார்த்தாள். அந்த வெங்காயக்காரி மேலும் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அம்மா ஒரு பொட்டலத்தில் கறியைக் கூடுதலாக அள்ளிப் போட்டு அவள் பக்கம் தள்ளினாள்.

ஆட்டம் முடிந்து, கார்கள் சரளைக்கல் தூசியைக் கிளப்பிக்கொண்டு கிளம்பின. மேரன் அம்மாவின் வண்டிக் கதவருகே நின்றிருந்தபோது லெய்னி வந்தாள். தோளில் ஐஸ் பையைக் கட்டியிருந்தார்கள். கண் வீங்கியிருந்தது. முகத்தைப் பார்க்காமல் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"அவுத்து விடு. எவ்ளோ இறுக்கிப் பின்னியிருக்க, தலை விண்ணுவிண்ணுனு வலிக்குது."

"உங்கம்மா எங்க?"

"கோச்சோட சண்டை போட்டுட்டு இருக்காங்க. இப்போதைக்கு முடியாது."

மேரன் முதல் ரப்பர் வளையத்தை உருவினாள். சடைக்குள் சோளப்பூத் துகள் சிக்கியிருந்தது. காதுக்குப் பின்னால் தோல் சிவந்து கிடந்தது. அது தன் கைவேலை என்று அவளுக்குத் தெரியும்.

"நெசமாவே இனிமே வர மாட்டியா?"

"மாட்டேன்."

"அப்ப எனக்கு யாரு பின்னி விடுவா?"

"கை ஆறட்டும். அதுவரைக்கும் வீசாம இரு. அப்புறம் நீயே பின்னிக்குவ."

ஆறிவிடும். நேரத்தோடு நிறுத்தப்பட்ட கை, நிச்சயம் ஆறிவிடும். அடுத்த கோடையில் படார் என்று விழும். மேரனின் கையை அப்படி நிறுத்த யாரும் எழுந்து வரவில்லை. வயிறு மறுபடி எரிந்தது, இந்த முறை முன்னைவிட அதிகமாக. அவள் இரண்டாவது சடையை, ஒரு முடிகூட இழுபடாமல், மெல்ல அவிழ்க்கத் தொடங்கினாள்.