‘குரல்’ என்ற ஃபோல்டர்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு மனிதரின் மூன்று மாதத்துப் பேச்சைத் தேடின கதை சொல்கிறேன். உண்மையில் தொலைந்தது என்னுடைய ஓர் அத்தியாயம்தான். அந்தப் பதற்றத்தைத் தூக்கி வேறொருத்தி மடியில் போட்டிருக்கிறேன், பாவம்.

1

அன்று காலை அவள் கணினியைத் திறந்தபோது…

(வேண்டாம். முதலில் அவள் யாரென்று சொல்லிவிடுகிறேன்.)

பக்கவாதத்தில் பேச்சிழந்த ஒரு பஸ் டிரைவருக்கு அவள் பேச்சுப் பயிற்சி தருகிறாள். ஒவ்வொரு பயிற்சி நாளும் அவர் குரலைப் பதிந்து ‘குரல்’ என்ற ஃபோல்டரில் போடுவாள். அவளுடையது லினக்ஸ் கணினி. வெளியே செருகிய ஹார்ட் டிஸ்க் தானாக அந்த ஃபோல்டரில் வந்து ஒட்டிக்கொள்ளும்படி கொழுந்தன் அமைத்திருந்தான்; அதில் போடுவதெல்லாம் டிஸ்க்கில் போய்ச் சேரும். அன்று பதினோரு மணிக்கு டாக்டர் வருவார். முன்னேற்றம் காதில் விழுந்தால்தான் பயிற்சி தொடரும்.

2

கணினி ‘இடமில்லை’ என்று முரண்டு பிடிக்க, கொழுந்தன் ஓடிவந்தான். டிஸ்க்குக்கு டிஸ்க் அடையாள எண் வேறு. மூன்று மாதம் முன்பு புது டிஸ்க் மாட்டியவன் கணினியில் பழைய எண்ணையே விட்டிருந்தான்; அன்றிலிருந்து டிஸ்க் ஒட்டவே இல்லை. திருத்தினான், டிஸ்க் சமர்த்தாக ஒட்டிக்கொண்டது. ஃபோல்டரைத் திறந்தால் டிரைவரின் ஒரு பதிவும் இல்லை.

“சத்தியமா நான் எதையும் அழிக்கல, அண்ணி.”

“அப்ப றெக்கை முளைச்சுப் பறந்துச்சா? மூணு மாசம் அந்த மனுஷன் உயிரைக் குடுத்துப் பேசினது.”

(கொழுந்தனை வில்லனாக்கப் பார்த்தேன். சாப்பிடாமல் ஓடிவந்த பிள்ளை, மனம் வரவில்லை.)

3

அவள்தான் நிதானித்தாள். “டிஸ்க்கே ஒட்டலைன்னா, நான் போட்டதெல்லாம் எங்க விழுந்துச்சு? கம்ப்யூட்டர் வயிறு ஏன் நிரம்பிச்சு?”

அவன் டிஸ்க்கைக் கழற்றினான். அதே ஃபோல்டரில், கணினியின் சொந்த இடத்தில், எழுபத்தொரு பதிவுகளும் வரிசையாக இருந்தன. மேலே டிஸ்க் வந்து ஒட்டியதும் மறைந்திருக்கின்றன.

“பாயை விரிச்சிட்டுத் தரையைக் காணோம்னு தேடியிருக்கோம், அண்ணி.”

“தேடினது நான். விரிச்சது நீ.”

4

டாக்டர் கேட்டார். முதல் நாள் பதிவில் வெறும் மூச்சு. கடைசிப் பதிவில், மனைவியிடம்: “சாப்… சாப்டியா?”

‘பயிற்சி தொடரட்டும் என்று டாக்டர் கையெழுத்திட்டார்’ என்று எழுதி அடித்தேன். ‘இனி வீட்டில் பழகினால் போதும் என்றார்’ என்று எழுதி அதையும் அடித்தேன். நீங்களும்தான் கேட்டீர்கள்; காகிதம் உங்கள் முன்னால் இருக்கிறது, நீங்களே எழுதுங்கள். கதவருகே அந்த மனைவி நிற்கிறாள், உங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு.

உங்கள் வீட்டில் ‘சாப்டியா’ என்று கேட்க ஒரு வாயும், பதில் சொல்ல ஒரு வாயும் என்றும் குறையாமல் இருக்கட்டும்.