முதல் கைத் தண்ணீர்

"சம்பூர்ணம், நன்னாக் குனிஞ்சுக்கோ. கை செம்புல பட்டுடப் போறது" என்றாள் ஹேமாம்புஜம்.

சம்பூர்ணம் குனிந்தாள். ஒரு முழ உயரத்திலிருந்து விழுந்த தண்ணீரில் பாதி முழங்கை வழியாக ஓடிச் சேலையை நனைத்தது. நாலு நாளாக இதே கதைதான். ஓரிக்கையிலிருந்து விடிந்ததும் வந்து, சந்து வழியாகக் கொல்லைக்குள் நுழைந்து, புருஷன் ராஜவேலு குழிக்குள் வெட்டிக் கொடுக்கும் மண்ணைக் கூடை கூடையாக இழுத்துக் கொட்டிவிட்டு, தாகத்துக்கு இப்படி வளைந்து நிற்க வேண்டும். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே.

இரண்டாயிரத்து மூன்றில் மழை ஏமாற்றிவிட்டது. சின்ன காஞ்சிபுரத்தில் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு இரண்டு நாள். ஹேமாம்புஜத்தின் கணவர், பள்ளிக்கூட ஆசிரியரான முரளீதரன், கொல்லையில் கிணறு வெட்ட ராஜவேலுவைத்தான் தேடிக் கூப்பிட்டார். காரணம் அவன் நாக்கு. பட்டுக்குச் சாயம் போடும் பட்டறைகளின் கழிவு ஊறி, அந்தப் பக்கத்தில் பாதிக் கிணறுகள் பாழ். அடுத்த வீட்டில் சிமெண்டு உறைகளை இறக்கிய பிறகுதான் தண்ணீர் கசப்பென்று தெரிந்தது. ராஜவேலு ஊற்றுக்கண் திறந்ததும் ஒரு கை அள்ளிக் குடித்துச் சொல்லிவிடுவான்; ஒருமுறையும் தப்பியதில்லை. அந்த முதல் கை வெட்டினவனுக்கு என்பது அவன் அப்பன் காலத்து வழக்கம். கூலியைவிட அதற்குத்தான் அவன் ஆசைப்படுவான்.

பதினாறாவது அடியில் தண்ணீர் வந்தது. கணுக்கால் முழுக நின்று ராஜவேலு மேலே பார்த்துச் சிரித்தான். சம்பூர்ணத்துக்கு இடுப்பு வலிகூடக் கொஞ்சம் மறந்தது. அவன் குனிந்து கையைக் குவித்து அள்ளினான்.

"வாய் வெச்சுடாதே" என்று ஹேமாம்புஜம் விளிம்பிலிருந்து குரல் கொடுத்தாள். "மொதல் தீர்த்தம் பெருமாளுக்கு."

அள்ளிய கை அப்படியே நின்றது. முரளீதரன் நல்ல மனுஷர். அதனால் தரையைப் பார்த்துக்கொண்டார். ராஜவேலு விரல்களை விரித்தான். தண்ணீர் அவன் காலடிச் சேற்றிலேயே விழுந்தது. கயிற்றைப் பிடித்து ஏறி வந்தவன், மண்வெட்டியைக் கழுவாமலே தோளில் போட்டுக்கொண்டான்.

அப்போதுதான் முரளீதரனுக்கு உறை ஞாபகம் வந்தது. காலையில் வண்டி வருகிறது. தண்ணீர் எப்படி, நல்லதுதானே என்று கேட்டார். குடிக்காதவன் என்னத்தைச் சொல்வான்?

ஹேமாம்புஜம் யோசித்தாள். எப்படியும் நாளைக்குத் தீட்டுக் கழியப் புண்யாஹவாசனம் பண்ணப்போகிறோம். ஒரு வாய் பார்த்துவிட்டுக் கொல்லைக் கோடியில் துப்பட்டும் என்று சொல்லிப் பெரிய மனசு பண்ணினாள்.

சம்பூர்ணம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"மொதத் தண்ணி பெருமாளுக்குன்னு சொல்லிட்டீங்கம்மா. அவரே குடிச்சிப் பாத்துட்டு சொல்லட்டும்."

இருவரும் வந்த சந்து வழியாகவே வெளியேறினார்கள். தெருமுனை அடிபம்பில் அவன் அடிக்க அவள் குடித்தாள். பிறகு அவள் அடிக்க அவன் குடித்தான்.

கொல்லையில் முரளீதரன் செம்பைக் கொடிக்கயிற்றில் கட்டி இறக்கினார். ராஜவேலுவின் காலடியில் கலங்கிய தண்ணீர் மேலே வந்தது. செம்பு அவர் கையிலிருந்து ஹேமாம்புஜம் கைக்குப் போயிற்று. அங்கிருந்து மறுபடி அவர் கைக்கே வந்தது. யாரும் அதை வாயருகே கொண்டுபோகவில்லை.