பதினேழாவது செல்

அது எண்ணூற்று எழுபதாவது மணி நேரமா, எண்ணூற்றுத் தொண்ணூறாவதா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காலைத் தேநீருக்கு முன்பு என்பது மட்டும் நிச்சயம் என்று தோன்றுகிறது. அதுவும்கூடப் பிறர் சொல்லிச் சொல்லி மனத்தில் படிந்ததாக இருக்கலாம். பதினேழாவது செல்லின் மின்னழுத்தம் இறங்கத் தொடங்கியது. திரை முன்னால் உட்கார்ந்திருந்தவள் அதை முதலில் பார்த்தாள்.

எப்போதும் எதையாவது அளந்துகொண்டே இருப்பதால் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மீட்டர் என்று பெயர். கூரையிலிருந்த சூரியத் தகடுகளின் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்தார்கள். அந்த ஹைட்ரஜனைக் காற்றோடு சேர்த்து மறுபடியும் மின்சாரமாக்கும் நாற்பது செல்கள் அவள் மேசையில் ஓர் அடுக்காக ஓடிக்கொண்டிருந்தன. ஆயிரம் மணி நேரம் தளராமல் ஓடினால் பேருந்தில் பொருத்திப் பார்ப்பார்கள். ஒவ்வொரு செல்லுக்கும் நடுவில் ஒரு சவ்வு. அதைப் புதிதாகச் செய்து இரண்டு வருடமாகத் தூக்கிச் சுமந்தவர் பொறியாளர். அடுக்கைக் கையால் கோத்தவள் மீட்டரின் அண்ணி. மீட்டரும் அண்ணியும் ஒரே வீட்டிலிருந்து வந்தார்கள். அண்ணனுக்கு வேலை போய் ஏழு மாதமாகியிருந்தது. அண்ணியின் ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்கப்பட வேண்டும்.

அடுக்கை நிறுத்தினார்கள். பொறியாளர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "சவ்வு தாங்கலைன்னு எழுதிடும்மா. ரெண்டு வருஷம் சவ்வா இழுத்தாச்சு, இனிமே என்ன," என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

கண்ணாடி அறையில் மீட்டர் பதினேழாவதைப் பிரித்தாள். சவ்வின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு வெளிறிய ஒரு தடம். அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கோக்கும் அறையில் காற்றில் ஈரமே இருக்காது. அண்ணியின் விரல்களெல்லாம் வெடித்து, உப்புப் பட்டால் எரியும். இரண்டு மாதத்துக்கு முன் மீட்டர்தான் கடைக்குப் போய் க்ரீம் வாங்கி வந்தாள். சவ்வு முடியை விட மெல்லியது; எண்ணெய்ப் பசை பட்டால் அந்த இடம் கெட்டுவிடும். இரண்டு ஒட்டிக்கொண்டு வந்தால் கையுறைக்குத் தெரியாது. கோப்பவர்கள் யாரும் பார்க்காத நேரத்தில் கையுறையைக் கழற்றி, ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். எல்லோருக்கும் தெரிந்த விஷயம். யாரும் எழுதிவைக்காத விஷயம்.

மதியம் மீட்டரும் அண்ணியும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணி, பதினேழைக் கோக்கறப்போ கையுறையைக் கழட்டினீங்களா?"

அண்ணி மென்றதை விழுங்கினாள். "ரெண்டு ஒட்டிக்கிட்டு வந்துச்சு."

"கையில க்ரீம் இருந்துச்சா?"

"போடலைன்னா நீதானே வீட்டை ரெண்டாக்குவே."

மீட்டர் டப்பாவை மூடினாள். எழுதாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சவ்வு சரியில்லை என்று கோப்பை மூடிவிடுவார்கள். அண்ணிக்கு வேலை இருக்கும். எழுதினால் அவளே தன் வீட்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றியது போல.

"அந்தச் சவ்வு நிஜமாவே நல்லதா?" என்று அண்ணி கேட்டாள்.

"நான் பாத்ததுலயே இதுதான் நல்லது."

அண்ணி வெடித்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோபமா வருத்தமா என்று மீட்டரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அப்ப எழுதுடி. எழுதிட்டு வீட்டுக்கு வந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதே. உங்க அண்ணன் மூஞ்சி ஒண்ணே எனக்குப் போதும்."

மாலையில் மீட்டர் அறிக்கையை எழுதினாள். சவ்வில் குறையில்லை, கோக்கும்போது கைக் க்ரீம் பட்டிருக்கிறது என்று எழுதி, வாங்கிக் கொடுத்தது நான் என்று ஒரு வரியும் சேர்த்தாள். அந்த வரியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அண்ணியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அதே சவ்வை வைத்து வேறொருவர் கோத்த அடுக்கு ஆயிரத்து அறுபது மணி நேரம் ஓடியது. பொறியாளர் பெரிய நிறுவனம் ஒன்றுக்குப் போய்விட்டார். போகும்போது மீட்டரிடம் கைகுலுக்கினார், அண்ணியைப் பற்றி விசாரிக்கவில்லை. கையுறை இல்லாமல் சவ்வைப் பிரிக்கும் வழக்கம் இன்னும் நிற்கவில்லை. அண்ணன் லாரி ஓட்டுகிறான். அண்ணி மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை பொருத்துகிறாள். கடை மீட்டர் போகும் வழியில் இல்லை. ஆனாலும் தினமும் மாலை எதிர்ச்சாரியில் வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல், உள்ளே விளக்கு ஒவ்வொன்றாக அணைவதைப் பார்த்துக்கொண்டு, அண்ணி வெளியே வரும்வரை நிற்கிறாள்.