பதினான்காம் நம்பர் மெஷின்

பதினான்காம் நம்பர் மெஷின் முதன்முதலாகத் தமிழில் வாயைத் திறந்த அன்று வானொலி தன் வாயை மூடிக்கொண்டாள். அதுவே பெரிய அதிசயம். ஓயாமல் பேசுவதால் வகுப்பில் அவளுக்கு அந்தப் பெயர். பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. ஹெட்போனை மாட்டிவிட்டு அவள் விரலை ஒரு விசையின் மேல் வைத்தேன். மூக்கடைத்தவர் பேசுவதுபோல ஒரு குரல் அந்த எழுத்தைச் சொன்னது. அடுத்த விசை, அடுத்த எழுத்து. ஐந்து நிமிடம் கழித்து, "டீச்சர், இதுக்கு ஜலதோஷமா?" என்றாள். லேப் முழுக்கச் சிரிப்பு.

அதற்கு முந்தைய விடுமுறை முழுவதும் நான் அந்த அறையில்தான் கிடந்தேன். இருபது கணினிகளில் பதினொன்று எழுந்திருக்கவே மறுத்தன; மீதியில் வைரஸ் குடியிருந்தது. புதிதாக வாங்கித் தர யாரும் இல்லை. ஒவ்வொன்றாகத் துடைத்து, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளமும் அதனோடு வரும் கட்டற்ற மென்பொருள்களும் ஏற்றினேன். "எதையாவது போடும்மா, ஓடினா சரி" என்றார் தலைமையாசிரியை. பதினேழு ஓடின. திரையில் இருப்பதைத் தமிழில் வாசித்துக் காட்டும் நிரலும் கூடவே வந்ததைக் கண்டபோது, பிளஸ் ஒன்னில் வரலாற்றுப் பிரிவுக்குப் பெயர் கொடுத்திருந்த இந்தப் பெண்ணின் ஞாபகம்தான் வந்தது. வீட்டுக்கே போனேன். அவள் அப்பா பிளம்பர். இருந்த ஒரே நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

"கண்ணு தெரியாத பொண்ணு கம்ப்யூட்டர்ல என்ன டீச்சர் பண்ணும்?"

"அது பேசும். இவ கேப்பா. அவ்வளவுதான்."

"கடைசி வரைக்கும் நீங்க பாத்துப்பீங்களா?"

"பாத்துக்கறேன்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்த வார்த்தை.

ஒன்றரை வருடத்தில் அவள் என்னையே மிஞ்சிவிட்டாள். மவுஸ் அவளுக்குத் தேவையே இல்லை. எல்லாமே விரல்நுனிக் குறுக்குவழிகள். அட்டவணை போடத் தெரியாதவர்கள் என்னிடம் வராமல் அவளிடம் போனார்கள். ஒருநாள் அப்பாவுக்குக் கடிதம் அடித்து அச்செடுத்துக் கொடுத்தாள்: 'ஊர்க் குழாயெல்லாம் சரிசெய்யும் தங்களுக்கு, நம் வீட்டுக் குழாய் மூன்று மாதமாக ஒழுகுவதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' அந்தத் தாளை அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகும் வீடுகளில் எல்லாம் காட்டினாராம்.

பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது சுற்றறிக்கை வந்தது. எல்லாப் பள்ளி லேப்களிலும் இனி ஒரே மென்பொருள். செய்முறைத் தேர்வும் அதில்தான். மறுவாரமே இரண்டு டெக்னீஷியன்கள் வந்து, முதல் மெஷினிலிருந்து வரிசையாக அழித்துக்கொண்டே வந்தார்கள். நான் பதினான்காவதன் முன்னால் போய் நின்றேன்.

"இது ஒண்ணை மட்டும் விட்டுடுங்க சார்."

"லிஸ்ட்ல பதினேழு இருக்கு டீச்சர். பதினாறு முடிச்சேன்னு சொன்னா என் கதை முடிஞ்சுது."

"சரி, புதுசையே போடுங்க. அதுலயும் படிச்சுக் காட்ற சின்ன புரோகிராம் ஒண்ணு இருக்கு. அதுவும் இலவசம்தான். அதை மட்டும் ஏத்தி விட்டுடுங்க."

அவர் நல்ல மனிதர். தலையைச் சொறிந்தார். "வேற எதையும் ஏத்த முடியாதபடி பூட்டியிருக்கு. பென் டிரைவ் கூட எடுக்காது. பாஸ்வேர்டு என்கிட்டயும் கிடையாது, எங்க ஆபீஸ்லயும் கிடையாது."

யாரிடம் இருக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை. தலைமையாசிரியை என் கண்ணெதிரிலேயே நான்கு இடங்களுக்குப் போன் செய்தார். ஒவ்வொரு இடத்திலும் இன்னொரு இடத்தின் நம்பரைக் கொடுத்தார்கள். மூன்று மனுக்கள் எழுதினோம். ஒன்றுக்குப் பதில் வந்தது: பரிசீலனையில் உள்ளது. திட்டுவதற்குக்கூட ஒரு முகம் கிடைக்கவில்லை எனக்கு.

வானொலியிடம் சொன்னபோது அவள் ஹெட்போனைக் கையில் வைத்திருந்தாள். "ஜலதோஷக்காரர் போயிட்டாரா?" என்றாள். பிறகு, "நான் வரலாறே எடுத்திருக்கலாம், இல்ல டீச்சர்?" கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நேரம் என்ன என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

அவளுக்காகக் கணினியை இயக்க, இரண்டு வகுப்பு கீழே படிக்கும் ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தார்கள். கம்ப்யூட்டர் தெரியாதவளாக இருக்க வேண்டும் என்பது விதி. தேர்வன்று காலை, வானொலியின் அப்பா குளித்துத் தலைவாரி வாசலில் நின்றிருந்தார். "நல்லா பண்ணிடுவா இல்ல டீச்சர்?" மணியாகிவிட்டது என்று சொல்லி உள்ளே நடந்தேன்.

பாட ஆசிரியர் மாணவர் அருகே போகக் கூடாது. நான் எதிர்ச் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். "கன்ட்ரோலை அழுத்திக்கோ, கூடவே பி" என்று வானொலி சொல்ல, சின்னவள் தேடித் தேடி அழுத்தினாள். முதல் கேள்வி எப்படியோ தேறியது. இரண்டாவது, அட்டவணையிலிருந்து வரைபடம் எடுப்பது. கண்ணை மூடிக்கொண்டு செய்வாள் என்று வேடிக்கையாகச் சொல்வோம், அதே வேலை. இந்தப் புது மென்பொருளில் அது வேறு எங்கோ இருந்தது.

"மேல என்னல்லாம் இருக்கு? வரிசையா படி."

"எழுத்தே இல்லக்கா. சின்னச் சின்னப் படமா நிறைய இருக்கு."

"என்ன படம்?"

"தெரியலக்கா… கட்டம் மாதிரி. இன்னொண்ணும் கட்டம் மாதிரிதான்."

நான் இருந்த இடத்திலிருந்து அந்தப் படம் நன்றாகத் தெரிந்தது. இடமிருந்து ஐந்தாவது. கையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சின்னவளின் மவுஸ் அதன் மேல் போய், ஒரு கணம் நின்று, தாண்டிப் போயிற்று. சின்னவள் அழத் தொடங்கினாள். வானொலி குரலைத் தாழ்த்தி, "அழாதடி, உன் மார்க்கா போகுது?" என்று அவளைத் தேற்றிக்கொண்டிருந்தாள். அதிலேயே நேரம் முடிந்தது.

வெளித் தேர்வாளர் வருகைத் தாளோடு வந்தார். கையெழுத்துப் போட வானொலி பேனாவுக்குக் கை நீட்டினாள். அவர் ஒரு கணம் தயங்கி, "எதுக்கும்மா சிரமம்" என்று கனிவாகச் சொல்லி, மை டப்பாவைத் திறந்து அவள் கட்டைவிரலை எடுத்து ஒற்றி, தாளில் அழுத்தினார். பிறகு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

வானொலி எழுந்து நின்றாள். வெள்ளைச் சீருடையில் பட்டுவிடாமல் நீல விரலைத் தனியே நீட்டிப் பிடித்துக்கொண்டு, நான் எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று தெரியாமல் பொதுவாகக் கேட்டாள்.

"டீச்சர், இதை எதுல தொடைக்கறது?"