மேபெலுக்கு வாங்கிய புல்

பயணத்தின் மூன்றாம் நாள் மதியம், தெற்கு டகோட்டாவில், குதிரை மேபெல் வாளித் தண்ணீரில் மூக்கை விட்டு அளைந்துகொண்டே நின்றாள். ஒரு மடக்கு குடிக்கவில்லை.

"ஆர்லோ, இறங்கி வாய்யா! இவ சரியில்ல."

என் புருஷன் வந்து அவள் விலாவில் காதை வைத்துக் கேட்டான். உடனே கால்நடை டாக்டருக்குப் போன் போட்டான்.

கான்சாஸிலிருந்து மொன்டானாவுக்கு நான்கு நாள் பயணம். வழியெல்லாம் புல்வெளி, டிரெய்லரில் பத்தொன்பது வயதுப் பெட்டைக்குதிரை. மேபெல் எங்கள் மகள் ஷெல்பியின் குதிரை. ஷெல்பி என்னோடு பேசி மூன்று வருடமாகிவிட்டது. அவள் கல்யாணத்தன்று மாப்பிள்ளையைப் பற்றி என் வாய் சும்மா இருக்கவில்லை, அதோடு சரி. அப்பாவோடு மட்டும் ஞாயிறு தவறாமல் போனில் கொஞ்சல். போன மாதம்தான் அவளே என்னைக் கூப்பிட்டாள். "குழந்தை பிறக்கப் போவுது. மேபெல கொண்டாந்து விடச் சொல்லு அப்பாவ. நீயும் வாம்மா." அந்த 'நீயும் வாம்மா'வுக்காக நான் அந்தக் குதிரையைத் தோளில் சுமந்துகூடப் போயிருப்பேன்.

முந்தின நாள் நெப்ராஸ்காவில், சாலையோரம் ஒருத்தன் குதிரை மசால் தீவனப்புல் கட்டுகளை விற்பனைக்கு அடுக்கி வைத்திருந்தான். பூ விட்டபின் அறுத்துக் காயவைத்தது. பச்சைப் பசேலென்று இருந்தது, வாசமும் அபாரம்.

"வீட்டுப் புல்லே போதும், வாண்டா. தெரியாத எடத்துப் புல்லு எதுக்கு?" என்றான் ஆர்லோ.

"போய்யா, கஞ்சப் பிசினாறி! நாப்பது வருஷமா புல்லு வாங்கறவ, எனக்குத் தெரியாதா? மக வாசல்ல இவள எலும்பும் தோலுமா இறக்கச் சொல்றியா?"

நான்கு கட்டு ஏற்றினான். என்னோடு வாதாடி ஜெயித்த ஆள் இல்லை அவன்.

இப்போது மேபெல் முன்காலால் தரையைப் பிறாண்டினாள். நிமிடத்துக்கு ஒருமுறை சொட்டுச் சொட்டாக மூத்திரம் போனாள், சிவப்பாக. அவளைப் படுக்க விடக்கூடாதென்று சாலையோரமாகவே நடத்தினேன். கண்ணுக்கெட்டிய வரை ஒரு வீடு இல்லை, ஒரு மரம் இல்லை. கால்நடை டாக்டர் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். ஷெல்பியை ஆர்லோதான் கூப்பிட்டுச் சொன்னான். அவள் உடனே கிளம்பிவிட்டாள். அங்கிருந்து ஐந்து மணி நேரப் பாதை. நிறைமாதக்காரி.

டாக்டர் நெட்டையான பெண். மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினாள், ஊசி போட்டாள். "என்ன தின்னா?" என்று கேட்டாள். ஆர்லோ நெப்ராஸ்காவில் வாங்கிய புல்லுக்கட்டு ஒன்றை இறக்கினான். அவள் அதை அடுக்கடுக்காகப் பிரித்தாள். மூன்றாவது அடுக்கில் கோடு போட்ட வண்டுகள், நசுங்கிக் காய்ந்து, கொத்தாகக் கிடந்தன.

"வயல்ல பூவுக்கு வர்ற வண்டு. அறுக்கறப்ப நசுங்கி உள்ளயே மாட்டிக்கும். செத்தாலும் இதோட விஷம் போவாது. மாத்து மருந்து கெடையாதும்மா."

"மக வந்துட்டிருக்கா. இன்னும் ரெண்டு மணி நேரம். அதுவரைக்கும் தாங்குவாளா?"

மேபெல் கீழே விழுந்து புரண்டுகொண்டிருந்தாள். அந்த முனகலை எழுத என்னால் ஆகாது.

"தாங்கலாம். ஆனா இவ படற பாட்டப் பாருங்க. எதுக்குத் தாங்கணும்?" என்றாள் டாக்டர்.

ஆர்லோ என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய? டாக்டர் கடைசி ஊசியைப் போட்டாள்; ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

ஷெல்பி வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டு, தார்ப்பாயை விலக்கி, மேபெலின் நெற்றியைத் தடவியபடி வெகுநேரம் இருந்தாள். டாக்டர் சொல்லிவிட்டுப் போனதையெல்லாம் ஆர்லோ அவளுக்குச் சொன்னான். பிறகு எழுந்தாள்.

"யாரு அந்தப் புல்ல வாங்கினது?"

நான் வாயைத் திறந்தேன். ஊரையே கூட்டுகிற வாய் இது. காற்றுதான் வந்தது.

"நாந்தான்," என்றான் ஆர்லோ. "உங்கம்மா வேணாம்னுதான் சொன்னா."

"எப்படிப்பா? ஒனக்கா தெரியாது?" என்று மட்டும் கேட்டாள். அவன் குனிந்து தார்ப்பாயை இழுத்து மூடினான். அவள் திரும்பி என்னிடம் வந்து, என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறினாள். பேரப்பிள்ளை என் வயிற்றில் உதைத்தது. மூன்று வருடமாக நான் ஏங்கிய அணைப்பு. அடிப்பாவி, சொல்லு, நான்தான்டி வாங்கினேன் என்று சொல்லித் தொலை, என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சொன்னால் இந்தக் கைகள் விலகிவிடும். அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன்.

"அம்மா, நீ என் வண்டில வா," என்றாள். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆர்லோ காலி டிரெய்லரின் கதவைச் சாத்திக்கொண்டிருந்தான். என் பக்கம் பார்க்காமல், போ என்று கையை மட்டும் அசைத்தான்.

நான் போய் மகள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.