கெல்டன் என்றால் ஒழுக வேண்டும்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், மேற்கு எல்லை மாவட்டங்களின் கெல்டன் கார் உரிமையாளர் கழகத்தில் தலைவர் பதவி காலியாகிறது. நெடுங்காலமாக அந்த நாற்காலியை அலங்கரித்த மிஸ் பெட்டிஃபர், முழங்கால் வலியால் இனி கார்களுக்கு அடியில் படுத்துப் பார்க்க இயலாது என்று சொல்லிவிட்டார். செய்தி வெளியான அன்றும் லண்டனில் பங்குச்சந்தை திறந்தது. நாடாளுமன்றத்தில் யாரோ யாரையோ குறை சொன்னார்கள். அவர்களுக்கு விஷயம் போய்ச் சேரவில்லை போலும்.

ரோலண்ட் பிக்கர்ஸ்டாஃபுக்குப் போய்ச் சேர்ந்தது. லட்லோவில் ஒரு வீட்டுக்கடன் சங்கத்தில் துணை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்ற மறு வாரமே அவருடைய மேஜையை அப்புறப்படுத்திவிட்டு அந்த இடத்தில் ஒரு செடித்தொட்டியை வைத்தார்கள். செடி நன்றாக இருக்கிறது என்று கேள்வி. ஆகவே சாவதற்குள் ஒருமுறையாவது தன்னை யாராவது தலைவர் என்று கூப்பிட வேண்டும் என அவர் ஆசைப்பட்டதைப் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ள முடியாது.

அவரிடம் இருந்தது ஒரு கெல்டன் ரேவன். கரும்பச்சை நிறம். இரண்டே இருக்கை. கூரை என்று தைரியமாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு துணி. கெல்டன் தொழிற்சாலையை மூடி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. ஏன் மூடினார்கள் என்று அந்தக் காரில் ஒரு தடவை போனவர்கள் யாரும் கேட்பதில்லை. ஹாரன் அடித்தால் விளக்கு அணையும். வலப்பக்கம் வேகமாகத் திரும்பினால் இடப்பக்கக் கதவு தானாகத் திறந்து, அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு ஊரைக் காட்டும். மழை வெளியே நின்ற பிறகும் உள்ளே கொஞ்ச நேரம் பெய்யும். ஆயில் அழுத்தத்தைக் காட்டும் முள் இஷ்டப்பட்டால் நிமிரும், இல்லாவிட்டால் பூஜ்யத்தில் படுத்துக்கொள்ளும். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. சுவர்க் கடிகாரத்தில் குயில் இருப்பதுபோல அது ஒரு அலங்காரம்.

ஆனால் ஓடும்போது, ஓடுகிற அந்தச் சில வேளைகளில், அதற்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது. தரைக்கு ஒரு சாண் மேலே உட்கார்ந்து, வேலியோரத்துப் புல் காதருகே சீறிக்கொண்டு போக, என்ஜின் அடித்தொண்டையில் பாட ஆரம்பிக்கும்போது, ரோலண்டுக்குத் தன் வயது, தன் இடுப்பு வலி, அந்தச் செடித்தொட்டி எல்லாமே வேறு யாருக்கோ நேர்ந்தவையாகத் தோன்றும். அதோடு இன்னொன்றும் உண்டு. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டிலுள்ள மற்ற எந்த இயந்திரத்துக்கும் அவர் தேவைப்படவில்லை. பொத்தானை யார் அழுத்தினாலும் அவை வேலை செய்தன. கெல்டன் மட்டும்தான் காலையில் அவர் கையை எதிர்பார்த்துக் காத்திருந்தது. அந்தக் கையும் போதவில்லை என்று பாதி நாள் கிளம்ப மறுத்தது என்பது வேறு விஷயம்.

அவர் மனைவி லோர்னா ஒரு கால்நடை மருத்துவரின் வரவேற்பறையில் வேலை பார்ப்பவள். எந்த மிருகம் என்ன சத்தம் போட்டாலும் முகம் மாறாதவள். கல்யாணமான புதிதில் அவளும் அந்தக் காரை விரும்பியவள்தான். நின்றுபோன இடத்திலெல்லாம் போர்வையை விரித்து, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தவள். பெற்ற தாயின் சவ அடக்கத்துக்கு ஒரு விவசாயியின் டிராக்டரில், சேற்றுக் காலோடு, பிரார்த்தனை முடிகிற நேரத்தில் போய் இறங்கிய பிறகு நிறுத்திக்கொண்டாள். சண்டை போடவில்லை. அதற்கப்புறம் அந்தக் காரில் ஏறவில்லை, அவ்வளவுதான். ரோலண்ட் ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகப் போய்த் தனியாக நின்று வந்தார். பக்கத்து இருக்கையில் கருவிப்பெட்டி உட்கார்ந்துகொண்டது.

அந்த வசந்த காலத்தில் ஒரு நாள் அவள் திடீரென்று, வேல்ஸில் அபர்டவி கடற்கரைக்குப் போய் நாளாகிறது என்றாள். ரோலண்ட் தயங்கித் தயங்கி கெல்டனின் பெயரை எடுத்தார். அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவி முடித்தாள்.

"ஒழுகாம, நிக்காம பண்ணிக் காட்டு. ஒரே ஒரு தடவை வரேன், ரோலி. நடுவுல நின்னுச்சுன்னா அதுதான் கடைசி. அப்புறம் என்னைக் கேக்கவே கூடாது."

ரோலண்ட் அன்றைக்கே காரை லெமின்ஸ்டரில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார். கழகத்துக்குத் தெரியாமல்தான். ஏனென்றால் கெல்டன் என்ஜினின் பின்பக்கத்தில் ஆயில் கசியாமல் இருக்கத் தொழிற்சாலை வைத்தது ஒரு துண்டுக் கயிறு. கயிறு என்ன செய்யும், கசியவிடும். இந்தக் காலத்து ரப்பர் வளையம் ஒன்றைப் போட்டால் ஒரு சொட்டு வராது. போட்டார்கள், வரவில்லை. ஒயர்களையும் மாற்றினார்கள். கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் வந்தது. கார் மாதக்கணக்கில் நிற்காமல் ஓடியது. ரோலண்டுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

சிக்கல் எங்கே என்றால், கழகத்தின் ஆண்டுக் கூட்டமும் கடற்கரைப் பயணமும் ஒரே சனிக்கிழமையில் வந்து விழுந்தன. காலையில் கூட்டம், மதியம் அங்கிருந்து அப்படியே கடலுக்கு என்று லோர்னாவே திட்டம் போட்டாள். கூட்டத்தில்தான் அசல்தன்மைக் கோப்பை கொடுப்பார்கள். நாற்காலி காலியாகிற வருஷத்தில் கோப்பை வாங்குபவர் அடுத்த தலைவர். அது எழுதப்படாத சட்டம். ஆகவே யாரும் மீற மாட்டார்கள்.

அசல்தன்மையை எப்படி அளப்பார்கள் என்று தெரியாதவர்கள் கெல்டன் உலகுக்கு வெளியே இருப்பவர்கள். ஒவ்வொரு காரின் அடியிலும் ஒரு வெள்ளை அட்டையைச் செருகி வைப்பார்கள். மதியச் சாப்பாடு முடியும்வரை காத்திருப்பார்கள். பிறகு மிஸ் பெட்டிஃபர் பூதக்கண்ணாடியோடு வந்து ஒவ்வொரு அட்டையிலும் ஆயில் சொட்டியிருக்கிறதா, எங்கே சொட்டியிருக்கிறது, என்ன நிறம் என்று பார்ப்பார். சொட்டாவிட்டால் உள்ளே கயிறு இல்லை என்று அர்த்தம். கயிறு இல்லாவிட்டால் அது கெல்டன் இல்லை; கெல்டன் மாதிரி ஏதோ ஒன்று.

கூட்டம் நடந்த மதுக்கடைக்குப் பின்னாலிருந்த புல்வெளியில் அன்று இருபது கெல்டன்கள் நின்றன. அவற்றில் பாதி லாரியில் வந்தவை. ஓய்வு பெற்ற பல் மருத்துவர் கிளைவ் ஆட்டர்ஷா தன் மூன்று கெல்டன்களையும் லாரியில்தான் கொண்டுவருவார். ஓட்டினால் தேய்ந்துவிடும் என்பது அவர் கொள்கை. மனைவியோடு, அதுவும் நேரத்துக்கு, அதுவும் ஓட்டிக்கொண்டு வந்து இறங்கிய ரோலண்டை அவர் ஒரு பல் ஆடுவதைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு குனிந்து அட்டையைப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"என்னய்யா ரோலண்ட், வண்டிக்கு வேர்க்கவே இல்லையே. உடம்பு சரியில்லையா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ரோலண்டும் சிரித்து, இப்போதுதானே வந்தது, மூச்சு வாங்கட்டும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார். அரை மணி கழித்துப் பார்த்தார். அட்டை பள்ளிக்கூடத்துப் புதுச் சட்டைபோல் வெள்ளையாக இருந்தது. ஆட்டர்ஷாவின் காருக்கடியில் மூன்று அழகான கறுப்பு வட்டங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக, விழுந்திருந்தன.

எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் ரோலண்ட் ஸ்பானரை எடுத்துக்கொண்டு காருக்கடியில் ஊர்ந்தார். பழைய ஆயிலை வடிப்பதற்காக என்ஜினின் அடியில், பின்பக்கமாக, ஒரு போல்ட் இருக்கிறது. அதைக் கால் சுற்று தளர்த்தினார். சற்று நேரத்தில் ஒரு துளி திரண்டது, யோசித்தது, விழுந்தது. தேர்வில் பிட் அடித்த பையனுக்குக்கூட அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது. பரிசோதனை முடிந்ததும் திரும்ப முறுக்கிவிடலாம் என்று எண்ணிக்கொண்டு எழுந்து, கோட்டில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டார்.

மிஸ் பெட்டிஃபர் வந்தார். அந்த அட்டையின் முன்னால் ஆட்டர்ஷாவின் அட்டைக்கு முன் நின்றதைவிட நீண்ட நேரம் நின்றார்.

"ஏம்ப்பா பிக்கர்ஸ்டாஃப், சின்ன வயசுல தொழிற்சாலை வாசல்ல இந்த மாதிரி சொட்டறதைப் பாத்திருக்கேன். இவ்வளவு ஒழுங்கா சொட்டற வண்டிய அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் பாக்கறேன்."

கண் கலங்கியிருந்தார். கைதட்டினார்கள். கோப்பை கைமாறியது. ரோலண்ட் பாரம்பரியம் என்றால் என்ன என்பது பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். உண்மையாக இருப்பதுதான் அதன் உயிர் என்று சொன்ன இடத்தில் அவர் குரல் தழுதழுத்தது. நடிப்பில்லை. அந்த நேரத்தில் அவர் அதை நம்பினார்.

அதன் பிறகு போல்ட்டை முறுக்க வழியே கிடைக்கவில்லை. அந்தச் சொட்டைப் பார்க்க ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். புதுத் தலைவர் எல்லோர் முன்னாலும் ஸ்பானரோடு காருக்கடியில் போக முடியுமா? அதற்குள் லோர்னா தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, இருக்கையில் தயாராக உட்கார்ந்திருந்தாள். வழியில் எங்காவது நிறுத்திக்கொள்ளலாம் என்று ரோலண்ட் புறப்பட்டார்.

பிஷப்ஸ் காஸில் தாண்டி வேல்ஸின் மலைச்சாலை தொடங்கியதும் கார் பாட ஆரம்பித்தது. மழை இல்லை. கதவு மூடியே இருந்தது. வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ஸ்டீயரிங்கை விரலால் தொட்டாலே போதும் என்பதுபோல் வழிவிட்டுப் போயின. செம்மறி ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. லோர்னா முதலில் கைப்பிடியைப் பிடித்திருந்தாள், பிறகு விட்டுவிட்டாள், பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் எத்தனையோ வருஷமாகக் கேட்டிருக்கவில்லை. அது தன்னால் போயிருந்தது என்பதே அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"இன்னும் கொஞ்சம் வேகமா போயேன்," என்றாள்.

அடுத்த வளைவில் நிறுத்திவிட வேண்டும் என்று ரோலண்ட் நினைத்தார். நிறுத்தினால் ஏன் என்று கேட்பாள். அடியில் படுத்து என்ன செய்கிறாய் என்று கேட்பாள். நின்றுவிட்டதா, இதுதானா என்று அந்த முகம் மறுபடி மூடிக்கொள்ளும். அடுத்த வளைவும் வந்து போனது. கால் சுற்றுதானே, ஒரு துளி ஒரு துளியாகத்தானே, கடல்வரை தாங்கும் என்று கணக்குப் போட்டார். என்ஜின் ஆடுகிற ஆட்டத்தில் போல்ட் தானும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. ஆயில் முள் மெல்லச் சரிந்து பூஜ்யத்தில் படுத்தது. கெல்டன் ஓட்டுகிறவர்களைத் தவிர உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் அங்கேயே நிறுத்தியிருப்பார்கள். ரோலண்ட் அதைப் பார்த்துப் பிரியமாகப் புன்னகை செய்தார்.

நியூடவுனைத் தாண்டிச் சில மைல் தூரத்தில், கார் பெரிதாக ஒரு இரும்புச் சத்தம் போட்டது. பின் சக்கரங்கள் இறுகின. புல்லோரமாக வழுக்கிப் போய் நின்றது. என்ஜின் உருகிப் பூட்டிக்கொண்டுவிட்டது. இனி அதை எந்தக் கையும் திறக்காது என்பது இறங்காமலே தெரிந்தது. பின்னால் சாலையில் ஒரு கறுப்புக் கோடு நீளமாக, வந்த வழியெல்லாம் தெரிந்தது.

லோர்னா ஸ்கார்ஃபை அவிழ்த்தாள். பிறகு அவர் எதிர்பாராத ஒன்றைச் செய்தாள். அவர் கைமேல் கை வைத்தாள்.

"பரவால்ல, ரோலி. உன்னால ஆனதெல்லாம் செஞ்சே. வண்டியோட குணம் அது. கிழடு. அதையும் ஒரு தடவை மன்னிச்சா என்ன?"

அதோடு விட்டிருக்கலாம். தலையாட்டியிருந்தால் போதும். அடுத்த கோடையில் இன்னொரு என்ஜின், இன்னொரு பயணம், அதே சிரிப்பு. ரோலண்ட் மனிதர்தானே, அந்த ஆசை வந்தது. ஆனால் செய்யாத தப்புக்கு அந்தக் காரை மன்னிக்கிறாள் என்பது அவருக்குத் தாங்கவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக அது தன் பங்கைச் சரியாகச் செய்திருந்தது. அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே போல்ட், ஸ்பானர், கால் சுற்று எல்லாவற்றையும் சொன்னார்.

லோர்னா கையை எடுத்துக்கொண்டாள். கோபமாக அல்ல, வரவேற்பறையில் ஒரு பூனையின் நோயைக் கேட்டுக்கொள்வதுபோல் கேட்டாள்.

"அப்ப, இதுக்கு முன்னாடி நின்னதெல்லாம்?"

"அதெல்லாம் நிஜம். சத்தியமா வண்டிதான்."

"ம்."

அந்த ஒற்றை 'ம்'மில் தன் கடந்த காலம் முழுவதும் சந்தேகக் கணக்கில் எழுதப்பட்டுவிட்டதை ரோலண்ட் உணர்ந்தார். மழை, மலை, குளிர், நடுரோடு, டீ. ஒவ்வொன்றையும் அவள் இனி எடுத்துப் புரட்டிப் பார்ப்பாள். ஒன்றையும் அவரால் நிரூபிக்க முடியாது. நிஜமாகவே கெட்டுப்போன காருக்குச் சாட்சி கிடையாது.

அவள் மடியிலிருந்த கோப்பையை இருக்கையில் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டாள். நான் கடலைப் பார்த்துட்டு வரேன், வண்டிய இழுத்துட்டுப் போற லாரிக்கு நீ காத்திரு என்றாள். தானும் வரட்டுமா என்று ரோலண்ட் கேட்டார். இப்ப வேண்டாம் என்றாள். அந்த 'இப்ப'வை அவர் பத்திரமாகப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச தூரத்தில் இருந்த பேருந்து நிறுத்தத்தை நோக்கி அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

பஸ் நேரத்துக்கு வந்தது.